கொய்யும் கை

தாயுமானவருக்குப் பூக் கொய்ய மனம் வரவில்லை. பனி தங்கிய மலரிலும் இறைவனைக் கண்டவர் அவர். கண்டபின் கை எப்படி நீளும்? விபுலாநந்த அடிகளோ, ஈசன் உவக்கும் மலர்கள் உள்ளமும் கூப்பிய கையும் அவனையே நோக்கும் விழியும் என்று பாடினார். 1947இல் மறைந்த அடிகள் கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கமாகியிருக்கிறார். எங்கள் வீட்டுக்கு அது கூப்பிடு தூரம். இருவரையும் படித்த பிறகும் விடிந்தால் நான் பூக்கூடையோடு நந்தியாவட்டையடிக்குத்தான் போகிறேன். அது சரியா?

எங்களுடையது அடுக்கு நந்தியாவட்டை. கிணற்றடி மாமரத்துக்குக் கிழக்கே நிற்கிறது. காலை வெயில் படும், பிறகு நிழல். கச்சான் காற்று வாவிப் பக்கமிருந்து சுட்டுக்கொண்டு வரும் மாதங்களிலும் இலை பச்சை மாறாது. முழு நிழலில் வைத்தால் இலை தழைக்கும், பூ குறையும். மணல் தரை ஈரத்தைப் பிடித்து வைக்காது; அடியில் சருகும் மாட்டெருவும் போட்டபடியே இருக்க வேண்டும்.

ஒற்றைப்பூ நந்தியாவட்டையாவது சில வேளை காய்க்கும். அடுக்கில் காய் பிடித்து நான் கண்டதேயில்லை. யாராவது கொப்பு வெட்டி நட்டால்தான் அடுத்த செடி. மண்டூரில் வாழ்க்கைப்பட்ட சின்னம்மா, அம்மாவின் செடியில் ஒரு கொப்பு வெட்டிக்கொண்டு போனா. 2004 மார்கழியில் கடல் வந்துபோனதும் எங்கள் வளவில் உப்பேறி எல்லாம் பட்டுப்போயின. மனிதரைப் பறிகொடுத்த அந்த நாட்களில் செடியை யார் நினைத்தார்கள்? மறுகா ஒருநாள் சின்னம்மாதான் குருமண்வெளித் துறையால் வாவி கடந்து, படுவான்கரையிலிருந்து கொப்போடு வந்தா. இன்று பூப்பது அதுதான். அம்மாவின் செடிக்கு முன்னும் எத்தனை வளவுகள், எத்தனை கைகள்! எல்லாம் வெட்டிய கைகள்.

தாயுமானவரின் தயக்கத்தை நான் மறுக்கவில்லை. காட்டில் தானாய்ப் பூத்ததைத் தொட எனக்கும் மனம் வராது. ஆனால் இந்தச் செடியை உயிரோடு வைத்திருப்பது வெட்டும் கைதான். அடிகள் சொன்ன மூன்றில் கையும் ஒன்று. கூப்பும்போது அதில் நந்தியாவட்டைப் பால் பிசுபிசுத்தால் ஈசன் முகம் சுளிக்கமாட்டான் என்றே நம்புகிறேன்.

மொட்டுகளைக் கொய்வதில்லை. கொப்புக் கொடுப்பதைப் பூசையோடு சேர்த்தே எண்ணுகிறேன். ஐப்பசி மழை விழுந்ததும் பென்சில் தடிப்பில், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கேட்டவர் எல்லாருக்கும் கொடுக்கிறேன்.