காட்சியும் கருதலும்
பிக்கப் டிரக்கைப் பின்னோக்கி எடுப்பவருக்குக் கேமரா வேண்டுமா, சென்சார் வேண்டுமா என்பது அடிப்படையில் அறிவைப் பற்றிய பழைய கேள்வி. சைவ சித்தாந்தம் அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று வகுக்கிறது. கேமரா தருவது காட்சி. சென்சாரோ, திரும்பி வரும் ஒலியலையை வைத்து ஏதோ இருக்கிறது, எவ்வளவு அருகில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அது சுவரா, குழந்தையா என்பதை ஓட்டுநர்தான் கருதிக்கொள்ள வேண்டும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போன்றது இது. டிரெய்லர் கொக்கிக்கும் அலறும் கருவியில் அந்தப் புகை பல நேரம் வெறும் பனிமூட்டம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2014-இல் பின்பக்கக் கேமராவுக்கு விதி வகுத்தபோது, பின்னோக்கி வரும் வண்டிகளால் ஆண்டுக்குச் சுமார் 210 பேர் இறப்பதாகவும், அவர்களில் 31 விழுக்காட்டினர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் கணக்கிட்டது. 2018 மே முதல் அங்கே பிக்கப் உள்ளிட்ட புதிய இலகு வண்டிகளுக்குக் கேமரா கட்டாயம்.

பார்க்காத கண்ணுக்குக் கேமரா எதற்கு, சென்சாராவது கூப்பிடுமே என்பார்கள். வலுவான மறுப்புதான். மனம் புலனோடு சேராவிட்டால் காட்சியே இல்லை என்று நியாய தத்துவ மரபினரான நையாயிகர்களும் சொன்னார்கள். பின்கதவை இறக்கிவிட்டால் அதில் பொருத்திய கேமரா தரையைத்தான் பார்க்கும் என்பதும் உண்மை. ஆனால் ஒலியால் பார்வையை அழைக்க முடியும், பார்வையின் இடத்தில் நிற்க முடியாது. பின்னால் இருப்பது ஓர் உயிரா என்று அறியும் கடமை ஓட்டுபவருடையது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கேமராவை வாங்குங்கள். வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை பின்பக்கம் போய்ப் பாருங்கள்.