கூட்டுடைமையும் கடமையும்

தனக்கே உரிய பொருளைப் பேணுமாறு எவருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. பலருக்கும் உரிய பொருளைப் பேணுவதற்கே அறவுணர்வு தேவைப்படுகின்றது. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை எழுந்து நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இவ்வுண்மையைக் காணலாம். மின்தூக்கி பழுதுற்றால், "கட்டணம் செலுத்தாதோர் பலர்" என்கிறது நிர்வாகம், "செலுத்திய பணம் எங்கே?" என்கின்றனர் குடியிருப்போர். நிர்வாகம் சீர்கெட்டிருக்குங்கால் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைத்தல் அறமாகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தோட்டத்து லயங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த முன்னைத் தலைமுறையினருக்கு இவ்வினா எழவில்லை. வீடு நிர்வாகத்தினுடையது, கூரையைச் செப்பனிடும் கடமையும் அதனுடையதே. அடுக்குமாடி வீட்டை விலைக்கு வாங்கியவர் நிலையோ வேறு. படிக்கட்டுக்கும் கூரைக்கும் அவரும் உடைமையாளர். 2015ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், ஒவ்வொருவரும் தத்தம் பங்கு அலகுக்கேற்பக் கட்டணமும், அதில் பத்து விழுக்காட்டைப் பெரும் பழுதுகளுக்கான ஒதுக்கு நிதியாகவும் செலுத்த வேண்டும் என்கிறது. முறையிடுபவரும் முறைகேட்க வேண்டியவரும் ஒருவரே என்னும் புதுநிலை இதனால் தோன்றிற்று.

கிடைக்காத சேவைக்கு ஏன் பணம் தரவேண்டும் என்று வாதிடுவர் சிலர். கடைக்காரரிடம் இவ்வாதம் செல்லும். அங்குப் பணத்தை மறுத்தால் இழப்பு கடைக்காரருக்கே. இங்கோ, பணத்தை மறுத்தால் துன்புறுபவர், தவறாது செலுத்திவிட்டு எட்டாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறும் மூதாட்டியே அன்றோ? இன்னொன்றும் கருதத்தக்கது. பொதுக்கூட்டத்திற்கு ஏழு நாளுக்கு முன் நிலுவை வைத்திருப்பவர் அக்கூட்டத்தில் வாக்களிக்க இயலாது என்பது சட்டம். எதிர்ப்பைக் காட்டக் கட்டணத்தை நிறுத்தியவர், எதிர்க்கும் உரிமையையே இழந்து நிற்கிறார்.

தமிழகத்துச் சிற்றூர்களில் ஏரியையும் கால்வாயையும் ஊரார் கூடிப் பேணிய குடிமராமத்து வழக்கம் இங்கு நினைக்கத்தக்கது. அயலான் வரவில்லை என்று தன் மண்வெட்டியைக் கீழே வைத்தவன் வயலும் வறண்டே போயிருக்கும்.

எனினும், அறத்தின் சுமை முழுவதையும் செலுத்துவோர் தோளில் ஏற்றுதல் நேர்மையன்று. பிறர் பணத்தைக் கையாளுபவர் கணக்கை மறைத்தல், நிலுவை வைப்பதினும் பெருங்குற்றம். கணக்கைத் தணிக்கை செய்து பொதுக்கூட்டத்தில் வைத்தல் அவர்தம் கடமை. சுபாங் ஜெயாவிலுள்ள மெனாரா ராஜாவாலி தொடர்பான வழக்கில், வெவ்வேறு வகைப் பகுதிகளுக்கு வெவ்வேறு விகிதத்தில் கட்டணம் விதிக்கக் கூட்டு நிர்வாகக் குழுவுக்கு அதிகாரமில்லை என 2019ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழுவின் முடிவு எல்லாம் நீதியாகிவிடாது என்பதும், அதனைத் தட்டிக்கேட்க முறையான வழி உண்டு என்பதும் இதனால் விளங்கும். கட்டட ஆணையரிடம் முறையிடலாம். 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்திற்கும் கொண்டு செல்லலாம்.

செலுத்த மனமில்லாதவரையும் செலுத்த வழியில்லாதவரையும் ஒரே பட்டியலில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் அறமன்று. வேலையிழந்த குடும்பத்திற்குத் தவணை அளிப்பது சலுகையன்று. உடன்வாழ்வோர் செய்யத்தக்க ஒப்புரவு.

பொதுக்கூட்டத்திற்கு வாக்குரிமையுடையோரில் பாதிப்பேர் வரவேண்டும். அரைமணி நேரத்திற்குள் அவ்வளவு பேர் வாராவிடின், வந்தோரே போதும் என்கிறது சட்டம். ஆகவே, பொதுக்கூட்ட நாளில் வீட்டுக்குள் அமர்ந்திருப்பவர், தம் பணத்தின் பொறுப்பை வந்திருந்த ஒருசிலர் கையில் ஒப்படைத்துவிடுகிறார். பின்னர் அவர்களைக் குறைகூறும் உரிமை அவருக்கு எவ்வளவு மிஞ்சும்? பங்கைச் செலுத்துதல், கூட்டத்திற்கு வருதல், கணக்கைக் கேட்டல் ஆகிய மூன்றும் ஒரே கடமையின் பகுதிகள். இவற்றுள் ஒன்றைச் செய்து மற்றவற்றை விடுபவர் தம் கடமையை முடித்தவர் ஆகார்.