கூத்தனைப் படமெடுக்கலாமா?

கருவறை முன் கேமராவை நீட்டக் கூசுகிற கை, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் கூசுவதில்லை. சந்நிதியில் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கூட, இங்கே திருவாலங்காட்டு நடராசருக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த சிலைக்கு நகர்ந்துவிடுகிறார். இடம் மாறியதும் திருமேனி வெறும் உலோகமாகிவிட்டதா? பூசை அறுபட்ட திருமேனியை மீண்டும் வழிபடச் சடங்குகள் செய்தாக வேண்டும் என்பது ஆகம வழக்கம். அதனால் அருங்காட்சியகத்தில் இருப்பது கலைப்பொருள்தான் என்பார் ஒருவர். தெய்வம் எங்கிருந்தாலும் தெய்வம்தான் என்பார் இன்னொருவர். இந்த வழக்கைத் தீர்க்காமலே ஒன்று சொல்லலாம். சடங்கு நின்றதால் திருமேனியின் நிலை மாறியிருக்கலாம். அதை நின்று பார்க்க வேண்டிய நம் கடமை மாறவில்லை. படமெடுப்பது தவறா என்ற கேள்விக்கும், நல்ல படம் எது என்ற கேள்விக்கும் விடை அந்தக் கடமையில்தான் இருக்கிறது.

கேமரா பார்வையைக் கெடுக்கும் என்பதற்குச் சான்று உண்டு. லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படமெடுத்தவர்களுக்கு அந்த இழப்பு நேரவில்லை. ஆக, குற்றம் கருவியில் இல்லை. கருவியிடம் பார்வையை ஒப்படைத்துவிட்டு நகர்வதில் இருக்கிறது. இதற்கு மறுபக்கச் சான்று ரோதன். அந்தப் பிரெஞ்சுச் சிற்பி சென்னைக்கு வந்ததே இல்லை. இந்தக் கூடத்து நடராசரைப் புகைப்படங்களில் கண்டே 1913இல் அவர் எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1921இல் அச்சேறியது. வாயையும் கால்களையும் தனித்தனியே எடுத்துத் துருவிப் பார்த்த எழுத்து அது. ஒருவர் பொறுமையாக எடுத்த படம், கடல் கடந்து இன்னொருவருக்குக் கண்ணாக முடிந்தது.

அருங்காட்சியகத்தில் நமக்குக் கிடைப்பது கோயிலில் கிடைக்காத காட்சி. உற்சவரைப் பட்டும் மாலையும் நகையுமாகத்தான் பக்தர்கள் காண்கிறார்கள். அலங்காரத்துக்குள் இருக்கும் இடுப்பின் வளைவும் முதுகின் ஓட்டமும் சிற்பிக்கும் அர்ச்சகருக்கும் மட்டுமே நன்கு தெரிந்தவை. அந்த அந்தரங்கம் இன்று எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அதற்குரிய மரியாதையோடு எடுக்கிற படமே நல்ல படமாகவும் அமைகிறது. முதலில் கேமராவைத் தாழ்த்திவிட்டு ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். பிறகு திருமுகத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவர வேண்டும். நின்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் உருவம் குறுகிவிடும். பக்கவாட்டில் விழும் ஒளிக்காகக் கொஞ்சம் நகர்ந்தால், தூக்கிய திருவடியின் சதைத்திரட்சி நிழலில் எழுந்து வரும். கண்ணாடிப் பெட்டியானால் லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில், அதன்மேல் படாமல் வைத்தால் பிரதிபலிப்பு குறையும். வீதியுலாவுக்காகத் தண்டு செருகிய பீடத்துத் துளைகள், பல தலைமுறை அபிடேகத்தில் தேய்ந்த முகம் ஆகியவற்றையும் ஊர்ப் பெயர் சொல்லும் பலகையையும் சேர்த்து எடுக்க வேண்டும். திருமேனி எந்த ஊரிலிருந்து, எந்த வாழ்விலிருந்து வந்தது என்பதை மறைக்கிற படம், எவ்வளவு அழகானாலும் அரைகுறைதான்.

செம்புக்கு ஃபிளாஷ் வெளிச்சத்தால் கேடில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் நேரே பாயும் வெளிச்சம் நிழலை அழித்து, சிற்பி மெழுகில் வடித்த திரட்சியைத் தட்டையாக்குகிறது, அருகில் ஒன்றிப் பார்த்து நிற்பவரின் அமைதியையும் கலைக்கிறது. பார்ப்பதே போதும், படம் எதற்கு என்ற கேள்வி இன்னும் வலுவானது. கண்ணால் முழுதாக உள்வாங்க முடிந்தவருக்குப் படம் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படியேற முடியாத முதியவருக்கும், இந்த ஊருக்கே வர முடியாத ஒருவருக்கும் அந்தப் படம் தேவை. சுவாமி தேரேறி வெளியே வருவது சந்நிதிக்கு வர இயலாதவர்களுக்கும் காட்சி தரத்தான் என்பது நம் ஊர்களில் எல்லாரும் அறிந்தது. இன்று அந்த வீதியுலா இல்லாமல் கூடத்தில் நிற்கும் கூத்தனை, நின்று பார்த்து எடுத்த ஒரு படம் இன்னொரு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். தோள் கொடுத்துச் சுமப்பவரின் பணிவோடு அதை எடுக்க வேண்டும்.