வாங்குவதும் வழங்குவதும்

வாங்குவது வேறு, வழங்குவது வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதலாமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

அமெரிக்கரான பிளேக் மைக்கோஸ்கி 2006-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா சென்றபோது, ஏழைப் பிள்ளைகள் பலர் காலணியின்றி நடப்பதைக் கண்டார். அவ்வாண்டே ‘டாம்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு சோடி வாங்கினால் ஏழைப் பிள்ளைக்கு ஒரு சோடி இலவசம் என்பது அதன் வாக்குறுதி. சரக்கும் விற்றது, கோடிக்கணக்கான சோடிகள் தானமும் ஆயின.

இதில் ஈந்தவர் யார்? வாங்கியவர் கொடுத்த விலைக்குச் சரக்கைப் பெற்றுக் கொண்டார். இரண்டாவது சோடியின் செலவும் அவ்விலையிலேயே அடக்கம். விலை போடத் தெரிந்த நமக்கு இக்கணக்கு புதிதன்று. ஆயினும் வாங்கியவருக்குத் தருமம் செய்துவிட்ட மனநிறைவும் சேர்ந்து கிடைக்கிறது. அந்நிறைவினால், அடுத்து வரும் ஏழைக்கு அவர் கை நீளாமற் போனால், அது இலாபமா, நட்டமா?

பெற்றவர் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பொருளியல் அறிஞர் புரூஸ் வைடிக்கும் அவர் குழுவினரும் எல் சால்வடார் நாட்டுக் கிராமங்களில் இதனை ஆராய்ந்தனர். பிள்ளைகள் அக்காலணிகளை விரும்பியே அணிந்தனர். ஆனால் பெரும்பாலோரிடம் முன்பே காலணி இருந்ததால், வெறுங்காலோடு நடப்பது குறைந்ததாகத் தெரியவில்லை. தங்கள் குடும்பத் தேவைகளைப் பிறரே கவனிக்க வேண்டும் என்று சொன்ன பிள்ளைகள், காலணி பெறாதோரில் நூற்றுக்கு 66 பேர். பெற்றோரில் 79 பேர். பிள்ளை மனத்தில் ஏற்பட்ட இம்மாறுதல் சிறிதன்று.

அவ்வாய்வுக்கு இடங்கொடுத்தது அந்நிறுவனமே என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் அது சோடிக்குச் சோடி முறையிலிருந்து விலகத் தொடங்கியது. பின்னர், இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கை நற்பணிகளுக்கு ஒதுக்கும் வழியை மேற்கொண்டது. எது தேவை என்பதை இருக்கும் சரக்கு முடிவு செய்யலாகாது. பெறுகின்றவரே சொல்ல வேண்டும் அன்றோ?

அப்படியானால் அத்தகைய காலணியை வாங்குவது தவறா? தவறன்று. அந்த விற்பனை இல்லையேல் அந்தச் சோடியும் பிள்ளையைச் சேர்ந்திராது. ஆனால் காலுக்குப் பொருந்துகிறதா, விலை நியாயந்தானா என்று பார்த்தே காலணி வாங்குவோம். தருமத்தைத் தனியே, நம் கைப்பொருளிலிருந்து, கேட்டறிந்து கொடுப்போம். நம் கடைகளில் விற்பனைக்குத் தானத்தை விளம்பரமாக வைக்கும்போதும் இதே அளவுகோல் நமக்குப் பொருந்தும். வாடிக்கையாளர் தரும் பணத்தில் நடக்கும் தருமத்தை நம் பெயரில் வரவு வைத்துக்கொள்வது நாணயமான கணக்காகாது.