பைக்குக் காவல்

கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்துவிடலாம். எங்கள் வீட்டில் சுற்றுலாவுக்குத் தேதி குறிப்பதுதான் பெரும்பாடு. அக்கா வீட்டு அத்தான் விசைப்படகில் பங்குக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவர் கரையில் நிலையாக இருப்பார். தம்பிக்கு உப்பளத்தில் கணக்குப் பார்க்கிற வேலை. வெயில் ஏற ஏற உப்பு விளையும் என்பதால், அத்தானைச் சும்மா உட்காரவைக்கிற அதே மாதங்கள் அவனை உட்காரவே விடாது. மழை விழுந்து உப்பளம் ஓயும் ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எனக்குத் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வேலை. கப்பலுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. வெளியூர்க்காரர்கள் உட்பட எல்லோரும் எங்கள் தூத்துக்குடியில் கூடுவது ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை, பனிமய மாதா திருவிழாவுக்கு. அந்த நாளில் ஊரைவிட்டுப் போகலாம் என்று பேச்செடுத்தால் அம்மா வீட்டைவிட்டே அனுப்பிவிடுவாள்.

அப்படி இப்படி இழுத்து மே மாதத்தில் இரண்டு நாளைப் பிடித்தோம். 23 பேர். அடுத்தது எந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு என்ற சண்டை. கன்னியாகுமரியில் தண்ணீர்ப் பூங்கா இருக்கிறது, "கடலை விட்டுட்டு இன்னொரு கடலுக்கா?" என்று பிள்ளைகள் ஒதுக்கிவிட்டார்கள். சென்னை விஜிபியை நான் சொன்னேன். சின்ன வயதில் அங்கே வாசலில் அசையாமல் நின்ற சிலை மனிதர் முன்னால் அரை மணி நேரம் கோணங்கித்தனம் செய்து தோற்றுப்போன பாசம் எனக்கு. ஓட்டு விழவில்லை. கொச்சி வொண்டர்லா, 2000-ல் வீகாலேண்ட் என்று தொடங்கியது, அதற்குத்தான் பிள்ளைகளின் ஓட்டு முழுவதும். மதுரை பரவைப் பக்கம் அதிசயம் என்றால் காலையில் கிளம்பி ராத்திரி திரும்பிவிடலாம் என்றார் அத்தான். கடைசியில் எங்கே போனோம் என்பதை விட்டுவிடுகிறேன்; அங்கே எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு, பெயர் சொன்னால் அழகாக இருக்காது.

இந்த மாதிரி இடங்களில் பிள்ளைகளின் வயதைவிட உயரத்துக்குத்தான் மரியாதை. அதனால் ஒரு வாரம் எங்கள் வீட்டு நிலைக்கதவில் பென்சில் கோடுகள் ஏறின. இரண்டு விரற்கடை குறைந்த மருமகன் தலைமுடியைச் சீப்பால் தூக்கி நிறுத்திக்கொண்டு அளக்கச் சொன்னான். இன்னொருத்தி டிக்கெட் விலை கூடிவிடக்கூடாதே என்று அம்மாக்காரி சொல்லிக்கொடுத்தபடி முழங்காலை மடக்கி நின்றாள்.

நான்தான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தவன். எதில் யார் ஏறுவது, எந்தக் குழந்தையோடு யார் போவது என்று கட்டம் போட்டு எழுதினேன். முடித்துவிட்டுப் பார்த்தால் எந்தக் கட்டத்திலும் விழாமல் மூன்று பேர் நின்றார்கள்: அம்மா, அத்தை, பெரிய மைனி. அவர்கள் பெயருக்கு நேரே, யோசிக்காமலே, 'பை' என்று எழுதியிருந்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. அத்தைக்கு ரத்த அழுத்தம். மைனிக்கு என்ன? ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு வயது, மாடிக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்குகிறவர். பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். இருபது வருடத்தில் போன நாலைந்து இடங்களிலும் மைனி படத்தின் ஓரத்தில்தான் இருக்கிறார், மடியில் யாருடைய துண்டோ, காலடியில் செருப்புக் குவியல். பாதிப் படங்களில் அவரே இல்லை. படம் எடுத்தது அவராக இருக்கும்.

ஓரத்தில் நின்றவர் என்றால் எங்கள் தாத்தாவும்தான்; முத்துக்குளிப்பில் கயிறு பிடித்தவர். 1955-லிருந்து 1961 வரை தூத்துக்குடிக் கடலில் அரசாங்கம் நடத்திய குளிப்பு அது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. அந்தக் கதையை அவர் சொல்லக் கேட்டால் அதுவும் ஒரு பொருட்காட்சி மாதிரிதான் இருக்கும். கடலடிப் பாரில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று பார்த்து அரசாங்கம் நாள் அறிவிக்கும். கடற்கரையில் கொட்டகை முளைக்கும். வியாபாரிகள், ஏலக்காரர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள், கடைபோடுகிறவர்கள் என்று வெறும் மணலில் ஒரு ஊர் எழும்பிவிடும். குளிக்கிறவன் கல்லைக் காலில் மாட்டி இறங்குவான். ஒரு நிமிடமோ, கொஞ்சம் கூடவோ. மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பான், மேலே இருக்கிறவன் இழுக்க வேண்டும். கயிறு பிடிக்கப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனைத்தான் வைப்பார்கள் என்பது எங்கள் பக்கம் சொல்லிவரும் பேச்சு. தன் தங்கையைத் தாலி அறுக்கவிடமாட்டான் அல்லவா. தாத்தா பிடித்ததும் அவர் அக்கா புருஷனுக்குத்தான்.

"கயிறு பிடிக்கிறவன் கடலப் பாக்கமாட்டான்ல, கயித்தத்தான் பாப்பான்" என்பார். அத்தான் உள்ளே இருக்கும்வரை தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாராம். முத்தைப் பற்றி அவர் பெரிதாகப் பேசிக் கேட்டதில்லை.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு மைனியைப் பெருமைப்படுத்திவிடலாம். கயிறு பிடிப்பதும் ஒரு வேலைதானே, அவர் இல்லாமல் நாங்கள் தைரியமாக ஏற முடியுமா, இத்யாதி. ஆனால் தாத்தாவைக் கேட்டுத்தான் தோணியில் ஏற்றினார்கள், பங்கும் கொடுத்தார்கள். மைனியை யார் கேட்டது? கேட்காமல் ஒருவரை ஒரு வேலையில் வைத்துவிட்டு, பிறகு அந்த வேலையைப் புகழ்வது நம் குடும்பங்களுக்குக் கைவந்த கலை.

வால்ட் டிஸ்னிக்கு டிஸ்னிலேண்ட் யோசனை வந்த கதையிலும் ஒரு பெஞ்சு உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பூங்காவில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். டிஸ்னிலேண்ட் திறந்தது 1955 ஜூலை 17. இங்கே தாத்தா கயிறு பிடிக்கத் தொடங்கிய அதே வருடம். பெஞ்சை ஒழிக்கக் கட்டிய இடத்திலும் பெஞ்சு போட வேண்டியிருக்கிறது. அதில் யாரோ ஒருவர் பையோடு உட்கார்ந்துதான் இருக்கிறார்.

மைனியைக் கேட்டேன். "எனக்கு எதுக்கு தம்பி, நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். மறுநாளும் கேட்டேன், அதே பதில். மூன்றாம் தடவை அடுப்பைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல், "கல்யாணத்துக்கு முந்தி மாதா கோயில் திருவிழால ராட்டினத்துல ஏறுனேன். உச்சியில போய் நின்னுச்சு. துறைமுகத்து விளக்கெல்லாம் தெரிஞ்சுது" என்றார். ஏறுகிறேன் என்று சொல்லவில்லை. நான் கட்டத்தில் எழுதிக்கொண்டேன்.

அரை மணிக்கு ஓர் ஆள் என்று பைக்காவலுக்கு முறை போட்டேன். சம்மதித்த ஒன்பது பேரில் ஏழு பேர், உள்ளே போன பத்தாவது நிமிடத்தில் காணாமல் போனார்கள். அதற்கு முன்னால் வாசலில் புளியோதரைத் தூக்கைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், வெளிச் சாப்பாடு கூடாதாம். என் மனக்குறை அதுதான். கைப்பைக்குள் ஒளித்துவைத்திருந்த மக்ரூன் பொட்டலத்தை அம்மா தப்பிக்கவைத்துவிட்டாள். சேலையோடும் பருத்தித் துணியோடும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்ற விதியில் எங்கள் வீட்டுப் பெண்களில் பாதிப்பேர் கரையிலேயே நின்றுவிட்டார்கள். செயற்கை அலைக்குளத்தில் அத்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். சங்கு ஊதியது. அலை வந்தது. "இங்க அலைக்குச் சங்கு ஊதிச் சொல்லுதாங்க! நம்ம கடல் என்னைக்காவது சொல்லிட்டு வந்திருக்கா?" என்று சிரித்தார். இரண்டாவது சங்குக்கு, எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடியதும் அவர்தான்.

ராட்டினத்துக்கு மைனியை அண்ணனோடு அனுப்பிவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அம்மா. பதினொரு பை, ஆறு கைபேசி, இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு செட் பல். செருப்புகளைச் சோடி சேர்க்கவே நேரம் போதவில்லை. நிமிர்ந்து ராட்டினத்தைப் பார்க்கலாம் என்றால், ஒரு குழந்தை வந்து தண்ணீர் கேட்கும், இன்னொன்று துண்டை எறிந்துவிட்டு ஓடும். அம்மாவோ நிம்மதியாக இருந்தாள். எதிர்ப் பெஞ்சில் பைகளோடு இருந்த சிவகாசி ஆச்சியுடன் அதற்குள் சிநேகமாகி, மக்ரூன் கைமாறி, பேரன் பேத்திக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீயும் ஏதாவதுல ஏறுறியாம்மா?" என்று அவளையும் கேட்டுவைத்தேன்.

"எனக்கு இதுதாம்ல பிடிக்கும். எல்லாரையும் பிடிக்காதத செய்றவங்கன்னு நெனச்சுக்காத" என்றாள். சிவகாசி ஆச்சி தலையாட்டினார்.

ராட்டினம் நின்றது. மைனி இறங்கி வந்தார், கொண்டை அவிழ்ந்து, முகமெல்லாம் காற்று. உச்சியில் என்ன தெரிந்தது என்று சொல்வார் என்று பார்த்தேன். அவர் நேராகப் பெஞ்சுக்குக் கீழே குனிந்தார்.

"மேலருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன் தம்பி. ஒரு நாய் வந்துச்சே, அப்ப நீங்க எங்க பாத்துக்கிட்டிருந்தீங்க?"

எண்ணிப் பார்த்தேன். அண்ணனின் இடது கால் செருப்பைக் காணவில்லை.