பெயர் வரும் இடம்

"உங்க பேரு எங்க வரும் தம்பி, மேலயா கீழயா?"

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறை. பத்திரிகைகளில் எழுதுகிறேன் என்றதும் அந்தப் பெரியவர் கேட்டது இது. "மேலதாங்கய்யா" என்றேன். தலையாட்டிவிட்டு நந்தியின் காதைச் செதுக்கத் திரும்பிவிட்டார். அந்த நந்தியில் அவர் பெயர் எங்கும் வரப்போவதில்லை. நான் சொன்ன 'மேல'தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏன் அவ்வளவு சட்டென்று வந்தது?

செங்கல்பட்டில் தாத்தா பத்திரம் எழுதினார். எழுதிக்கொடுப்பவர், வாங்குபவர், நான்கெல்லை, சாட்சிகள் எல்லாம் முடிந்து, கடைசித் தாளின் அடியில் பொடி எழுத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும். அவர் எழுதிய பத்திரம் எதுவும் கோர்ட்டில் தோற்றதில்லை என்பாள் பாட்டி. வாழ்நாள் முழுக்க எழுதியே சாப்பிட்டவர். தன்னை எழுத்தாளர் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன்.

செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில், குடைவரைக் கல்வெட்டு பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களோடு தொடங்குகிறது. பிறகுதான், அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரியின் மகன் கந்தசேனன் செய்வித்த கோயில் என்று வருகிறது. உளி பிடித்தவர் யாரென்ற பேச்சே இல்லை. ஆனால் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தோட்டத்துப் பாறையில், கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று பல்லவர் கால எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கடற்கரைக் கோயில்களைச் செய்த கைகள் இவையாக இருக்கலாம் என்பார்கள். அரசன் இல்லை, தெய்வம் இல்லை, வெறும் பெயர்கள். அங்கே மேலேயும் கிடையாது, கீழேயும் கிடையாது. இது எனக்குப் பெரிய ஆறுதல். ஏனென்று விளக்க வரவில்லை.

2015 ஜனவரியில், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். ஆசிரியர் பெ. முருகன் மட்டும் மிஞ்சினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவரை மறுபடி எழுத அழைத்தது. இடைப்பட்ட காலத்திலும் அவர் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். அவை பிறகு 'கோழையின் பாடல்க'ளாக வந்தன. பெயரை அடக்கம் செய்தபிறகும் எழுதியது யார்?

அந்தக் கவிதைகளை நினைக்கும்போது மரியாதையும் பயமும் சேர்ந்தே வருகின்றன. இந்தக் கட்டுரையைப் பெயரில்லாமல் போடுகிறோம் என்று பத்திரிகை ஆசிரியர் சொன்னால் அனுப்புவேனா? அனுப்புவேன் என்று சொல்லத்தான் ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.