விருந்தாளிக்கும் ஒரு வேலை கொடுங்கள்

ஓகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாணம் நிறைந்துவிடுகிறது. பலாலியில் வந்து இறங்குகிறவர்கள், யாழ்தேவியில் வருகிறவர்கள், கொழும்பிலிருந்து இரவு பஸ் பிடிக்கிறவர்கள் என்று நல்லூர்க் கொடியேற்றத்தோடு தொடங்கும் கூட்டம் தீர்த்தம் முடியும்வரை குறைவதில்லை. புலம்பெயர்ந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், தெற்கிலிருந்து வரும் சிங்களக் குடும்பங்கள், முதுகில் பை மாட்டிய வெள்ளைக்காரர். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான்: கோட்டை, நூலகம், நல்லூர், நயினாதீவு, கீரிமலைக் கேணி, கசூரினா கடற்கரை, பின்னேரம் ஓர் ஐஸ்கிறீம். ஒரு வான் பிடித்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும். மூன்றாம் நாள் விடிய, “இனி என்ன இருக்கு பார்க்க?” என்று கேட்பார்கள்.

இந்தக் கேள்வி என்னை நெடுநாளாக உறுத்துகிறது. ஓர் ஊருக்குப் போய் வந்தவர் மனதில் பத்து வருடம் கழித்தும் நிற்பது எது? பார்த்த கட்டடங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கிப்போகின்றன. அந்த ஊர் நம்மிடம் எதையாவது கேட்ட நேரம் மட்டும் மங்குவதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

நல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கோயில் 1734இல் எழுந்தது. திருவிழா 25 நாள். பூசை நேரம் யாருக்காகவும் முந்துவதுமில்லை, பிந்துவதுமில்லை. அமைச்சர் வந்தாலும் அயல்நாட்டுத் தூதுவர் வந்தாலும் மேற்சட்டையைக் கழற்றாமல் ஆண்கள் உள்ளே போக முடியாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். திருவிழாக் காலத்தில் சுற்று வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். கமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவரும் செருப்பைக் கழற்றி, சுடுமணலில் கால் வைத்துத்தான் நடக்க வேண்டும். விடியற்புறத்தில் வெளிவீதியில் ஆண்கள் பிரதட்டை உருள, பின்னால் பெண்கள் அடியழித்து வருவார்கள். அதைப் பார்க்கிறவர் தானாக ஒதுங்கி வழி விடுகிறார். வந்தவருக்காக அங்கே எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை. ஆனால் வந்தவரை அது சும்மா நிற்கவும் விடுவதில்லை.

இத்தாலியின் சியேனா நகரிலும் இப்படி ஒன்று உண்டு. ஜூலை 2, ஓகஸ்ட் 16 என்று வருடத்துக்கு இரண்டு தடவை பாலியோ என்ற குதிரையோட்டம் நடக்கிறது. நகரத்தின் 17 பேட்டைகளில் பத்தின் குதிரைகள் ஓடும். ஓட்டத்துக்கு முன் குதிரையைப் பேட்டையின் தேவாலயத்துக்குள்ளேயே கொண்டுபோய் ஆசீர்வதிப்பார்கள். சதுக்கத்தை மூன்று சுற்று. ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நடுவில் நின்று பார்க்கக் காசு வேண்டாம். வெயிலில் மணிக்கணக்காகக் காத்து நிற்கும் பொறுமைதான் வேண்டும். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். ஆனாலும் அது சியேனாக்காரர் தங்களுக்காக நடத்துவது. அதே நாட்டின் வெனிஸோ 2024இல் பகல் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பழைய நகரில் குடியிருப்போர் 50,000க்கும் கீழே போய்விட்டார்கள். ஊர்ச்சனம் இல்லாமல் போன ஊரில் பார்க்க வருகிறவருக்கு எஞ்சுவது சுவர்தான்.

என் அண்ணாவின் மகள் பாரிஸில் பிறந்து வளர்ந்தவள். இங்கே வந்து நின்றபோது ஒரு மத்தியானம் வளவில் கூழ் காய்ச்சினோம். அவளுக்குக் கதிரை போட்டு இருத்தினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சித்தப்பா, நான் ஒண்டும் செய்யாமல் இருக்கிறதோ?” என்றாள். என் மனைவி யோசிக்கவேயில்லை. “வா பிள்ளை, இந்த நண்டைக் கழுவு” என்று சட்டியை நீட்டிவிட்டாள்.

ஒடியல் மாவை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே தெளியும் நீரை ஊற்றிவிட வேண்டும். கைப்பு அதோடு போகும். மூன்று கல் வைத்த அடுப்பில் பெரிய பானை. முதலில் அரிசியும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயிற்றங்காயும். அவை அவிந்தபின் மீன்தலை, நண்டு, இறால். செத்தல் மிளகாயும் உள்ளியும் அரைத்த கூட்டு, பழப்புளிக் கரைசல், கடைசியில் மா, ஒரு கை முருங்கையிலை. மா விட்டபின் துழாவுகிற கை நிற்கக்கூடாது, நின்றால் அடிப்பிடித்துவிடும். அந்த அகப்பையைப் பெறாமகளிடம் கொடுத்தோம். புகையில் கண் கலங்க, தோள் நோக, அவள் விடாமல் துழாவினாள். கூழ் குடிக்கப் பனையோலையில் பிளா என்ற கிண்ணம் கோலவும் காட்டிக்கொடுத்தேன். அவளுடைய முதற் பிளா ஒழுகியது, இரண்டாவது நின்றது. புளிப்பும் உறைப்புமாக அதில் வார்த்துக் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் அப்படியே சரிந்து நித்திரையானாள். இப்போது தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கேட்பது கோட்டையைப் பற்றியல்ல. “அடுத்தமுறை நான்தான் துழாவுவன், சரியோ சித்தப்பா?”

வழிப்போக்கரை எப்படி நடத்துவது என்பதில் இந்த மண்ணுக்குப் பழைய அறிவு உண்டு. ஆறுகால்மடம், ஓட்டுமடம், கந்தர்மடம் என்று ஊர்ப்பெயர்களிலேயே மடங்கள் நிற்கின்றன. தெருவோரம் கேணி, மாட்டுக்கு ஆவுரோஞ்சிக் கல், தலைச்சுமையை இறக்க ஆள் உயரத்தில் சுமைதாங்கி. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது வழக்கம். தன் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால் வேறு யாரோ சுமை இறக்கட்டும் என்று நினைத்த மனங்கள் எங்கள் தெருக்களில் இருந்திருக்கின்றன. அதே தெருக்களில் சாதி பார்த்து அடைத்த கதவுகளும் இருந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சொந்த ஊர் மக்களே உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. விருந்தோம்பலைப் பற்றிப் பெருமை பேசும் எங்களுக்கு இதுவும் நினைவிருக்க வேண்டும்.

வருகிறவரிடம் இந்த மண் கேட்பது உடல் உழைப்பை மட்டுமல்ல. நூலகத்தின் வெள்ளைக் கட்டடத்தின் முன் படம் எடுப்பவர், 1981 ஜூன் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டுச் சாம்பலாயின என்று அறிந்து எடுக்கட்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குதிரைகளையும் பெருக்குமரத்தையும் பவளக்கல் வேலிகளையும் பற்றி விசாரிக்கிறார்கள். அந்தக் கடலில் 1985 மே 15இல் குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளுமாகப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவுச்சனம் அதற்குப் பிறகும் அதே கடலைக் கடந்துதான் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வந்து போகிறது. அதை அறிந்து படகில் இருப்பவருக்கும் அறியாமல் இருப்பவருக்கும் ஒரே கடல் தெரிவதில்லை.

ஆகவே வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். இடங்களைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள். ஆடிப்பிறப்புக்கு வந்தால் யார் வீட்டிலாவது கொழுக்கட்டை பிடியுங்கள். தைப்பொங்கலுக்கு வந்தால் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றும் பெடியன்களோடு நின்று நூலைப் பிடியுங்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குப் போனால், அன்னதானத்துக்குக் காய் வெட்டுகிறவர்களிடம் நீங்களும் இருக்கலாமா என்று கேளுங்கள்.

ஊரிலிருக்கும் எங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை களைத்துப்போகும் என்று மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து இருத்தி வைப்பதுதான் அன்பு என்று நினைக்கிறோம். அது அந்தப் பிள்ளையை ஆயுள் முழுக்க விருந்தாளியாகவே வைத்துவிடும். அடுத்த ஓகஸ்டில் அவர்கள் வரும்போது திருவலையையும் பாதித் தேங்காயையும் அவர்கள் பக்கம் தள்ளி வையுங்கள்.